ஸ்கோர்கார்டில் இல்லாத கட்டம்: அஸ்வின் – ஜடேஜா குறித்து சில குறிப்புகள்

2024 கார்த்திகை தீபம் டிசம்பர் 13-ஆம் தேதி. கூட்டம் வடிந்து, மாட வீதிகள் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஐந்தாம் நாள், அதாவது டிசம்பர் 18 அன்று, பிரிஸ்பேனில் அஸ்வின் ஓய்வை அறிவித்தார். 106 டெஸ்ட், 537 விக்கெட். நான் திருவண்ணாமலையில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு அந்த அறிவிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சில நாள் கழித்து மெல்போர்னில் ஜடேஜா பத்திரிகையாளர்களிடம் பேசினார். அஸ்வின் ஓய்வு பெறப்போவது அந்த அறிவிப்புக்கு ஐந்து நிமிடம் முன்புதான் தனக்குத் தெரியும் என்றார். அன்று முழுக்க ஒன்றாகத்தான் இருந்தோம், ஒரு சின்ன ஜாடைகூடக் காட்டவில்லை என்றார்.

இதைப் பார்த்துவிட்டு என் மச்சான் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "என்னா மாமா, பன்னெண்டு வருசமா ஒண்ணா ஆடியிருக்காங்க. பக்கத்துல உக்காந்திருந்தவனுக்கே தெரியலையாம். இதப்போய் டிவில கெமிஸ்ட்ரி கெமிஸ்ட்ரின்னு சொல்றாங்க?"

கேள்வி நியாயமானது. ஆனால் அதே பேட்டியில் ஜடேஜா இன்னொன்றும் சொன்னார். களத்தில் அஸ்வின் தனக்கு ஒரு வழிகாட்டி போல இருந்தார், பல வருடங்களாக ஆட்டத்தின் போக்கைப் பற்றி இருவரும் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டே இருந்தோம் என்றார். களத்துக்குள் இவ்வளவு பேச்சு. களத்துக்கு வெளியே, வாழ்க்கையின் பெரிய முடிவு பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த இரண்டும் முரண் என்று மச்சான் நினைத்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பெரிய ஆட்டக்காரர்களுக்கு இடையே காலப்போக்கில் உண்டாகும் அந்த ஒத்திசைவை நாம் தப்பான இடத்தில் தேடுகிறோம் என்று நினைக்கிறேன். டிவி அதை நட்பில் தேடுகிறது. புள்ளிவிவரக்காரர்கள் அதை ஸ்கோர்கார்டில் தேடுகிறார்கள். இரண்டிலும் அது முழுசாகக் கிடைக்காது.

ஒரு பிரதியாக ஸ்கோர்கார்டு

முதலில் ஸ்கோர்கார்டை எடுத்துக்கொள்வோம். நான் டேட்டாபேஸில் சோறு தின்பவன். எந்த அட்டவணையைப் பார்த்தாலும் முதலில் தோன்றும் கேள்வி, இதில் எந்த காலம் விடுபட்டிருக்கிறது என்பதுதான்.

கிரிக்கெட் ஸ்கோர்கார்டு அழகான பிரதி. ஐந்து நாள் ஆட்டத்தை ஒரு பக்கத்தில் அடக்கிவிடும். பந்துவீச்சாளர் பெயர், ஓவர், மெய்டன், ரன், விக்கெட். கேட்ச் பிடித்தவர் பெயர்கூட உண்டு. ஆனால் ஒரு விக்கெட் விழும்போது எதிர்முனையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தவர் யார் என்பதற்கு அதில் இடம் இல்லை. கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒருமுறை முனை மாறுகிறது. எந்தப் பந்துவீச்சாளரும் தனியாகப் போடுவதே இல்லை. ஆட்டத்தின் அடிப்படை விதியே ஜோடி. அதைப் பதிவு செய்யும் ஆவணமோ தனிநபர் கணக்கு.

பாஸ்கெட்பாலில் இதற்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்: அசிஸ்ட். பந்தை வளையத்தில் போட்டவருக்குப் புள்ளி, அதற்கு வழிவிட்டு பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட். யூட்டா ஜாஸ் அணியின் ஜான் ஸ்டாக்டன் 19 சீசன் ஆடி 15,806 அசிஸ்ட் கொடுத்தார். என்பிஏவில் இன்றுவரை அதுதான் சாதனை. அவர் கொடுத்த பாஸ்களை வாங்கிப் புள்ளியாக்கியவர்களில் முதன்மையானவர் கார்ல் மலோன். இருவரும் 1985 முதல் 2003 வரை 18 சீசன் ஒரே அணியில் ஆடினார்கள். மலோனின் பெயரைச் சொன்னால் ஸ்டாக்டன் பெயர் தானாக வருவதற்குக் காரணம், அந்த ஊர் கணக்குப் புத்தகத்தில் அதற்கொரு கட்டம் இருந்ததுதான். அதுவும் முழுமையில்லை. கடைசி பாஸ் கொடுத்தவருக்குத்தான் கணக்கு. குறுக்கே நின்று எதிராளியை மறித்து வழி உண்டாக்கியவருக்கு வழக்கமான பாக்ஸ் ஸ்கோரில் எதுவும் கிடையாது. இருந்தாலும் இல்லாததுக்கு அது பரவாயில்லை.

கிரிக்கெட்டில் நாம் என்ன செய்கிறோம்? இருவரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட்களில் இருவர் எடுத்த விக்கெட்டையும் கூட்டி ஒரு எண் சொல்கிறோம். கும்ப்ளேவும் ஹர்பஜனும் 54 டெஸ்டில் 501. 2024 ஜனவரியில் ஹைதராபாத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அஸ்வினும் ஜடேஜாவும் அதைத் தாண்டினார்கள். பெரிய சாதனைதான். ஆனால் இந்தக் கூட்டல் எதையும் விளக்கவில்லை. பக்கத்து பக்கத்து வீட்டு மின்கட்டணத்தைக் கூட்டிச் சொல்வது மாதிரி. ஒருவர் இருந்ததால் இன்னொருவருக்கு என்ன ஆனது என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

எதிர்முனையில் நடப்பது

அந்தக் கேள்விக்குப் பதில் பிட்ச்சிலேயே இருக்கிறது.

அஸ்வின் வலதுகை ஆஃப் ஸ்பின்னர். ஜடேஜா இடதுகை சுழல். வலதுகை பேட்ஸ்மேனுக்கு அஸ்வினின் வழக்கமான பந்து உள்ளே வரும், ஜடேஜாவுடையது வெளியே போகும். இடதுகைக்காரருக்கு இது தலைகீழ். ஒரு முனையில் பழகிய கால் அசைவு அடுத்த ஓவரில் தப்பாகிவிடும்.

இரண்டாவது, வேகம். அஸ்வின் யோசித்துப் போடுபவர். பந்தை மேலே தூக்குவார், வேகம் குறைப்பார், கிரீஸில் நிற்கும் இடத்தை மாற்றுவார், ஃபீல்டரை நகர்த்துவார். ஜடேஜா தட்டையாக, 90 கிலோமீட்டருக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில் குத்துவார். ஓவரை முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. பேட்ஸ்மேன் மூச்சு விடுவதற்குள் அஸ்வின் மறுபடி எதிரில் நிற்பார். ஜடேஜாவிடம் ரன் கிடைக்காத எரிச்சலை அஸ்வினிடம் தீர்க்கப் போய் அவுட் ஆவது ஒரு வகை. அஸ்வினின் வித்தைகளுக்குத் தப்பித்து, "அப்பாடா, நேரா வர்ற பந்து" என்று ஜடேஜாவிடம் அசந்து எல்பிடபிள்யூ ஆவது இன்னொரு வகை. விக்கெட் யாருடைய கணக்கில் ஏறும் என்பது பல நேரம் பேட்ஸ்மேன் எந்த முனையில் பொறுமை இழந்தார் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: காலடித் தடம். பந்து வீசி முடித்துக் கால் ஊன்றும் இடத்தில் பிட்ச் தேயும். பிட்ச்சின் நடுவே ஓடக் கூடாது என்று விதி இருக்கிறது, ஓரத்தில் தேய்வதைத் தடுக்க முடியாது. அந்தத் தேய்ந்த மண்ணில் பந்து குத்தினால் எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. சுழல் பந்துவீச்சாளருக்கு அது புதையல். ஆனா பாருங்க, அந்தத் தடம் இருப்பது வீசியவரின் சொந்த முனையில். அவர் பந்து குத்துவது எதிர்முனையில். ஆகவே முனை மாறிப் போட்டால் ஒழிய, தன் கால் தேய்த்த மண் தனக்குப் பயன்படாது. எதிர்முனையிலிருந்து போடுபவருக்கே அது பயன்படும். ஒருவர் உழைப்பில் உண்டான பள்ளம் இன்னொருவரின் விக்கெட். இதை எந்த ஸ்கோர்கார்டும் எழுதுவதில்லை.

இரண்டு சேப்பாக்கம் டெஸ்ட்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2013 பிப்ரவரி, ஆஸ்திரேலியா. அஸ்வின் முதல் இன்னிங்ஸில் 7, இரண்டாவதில் 5, மொத்தம் 12. ஜடேஜாவுக்கு ஐந்து, ஹர்பஜனுக்கு மூன்று. இருபது விக்கெட்டும் சுழலுக்கு. அந்த டெஸ்ட் அஸ்வின் டெஸ்ட் என்றே நினைவில் நிற்கிறது.

2016 டிசம்பர், அதே மைதானம், இங்கிலாந்து. கருண் நாயர் 303 அடித்த டெஸ்ட். கடைசி நாள் இங்கிலாந்து விக்கெட் இழப்பின்றி 103 வரை போனது. அங்கிருந்து 207-க்கு ஆல் அவுட். ஜடேஜா 48 ரன்னுக்கு 7. அஸ்வினுக்கு அந்த இன்னிங்ஸில் ஒன்றுமில்லை, முழு டெஸ்டிலும் ஒரே ஒரு விக்கெட். ஸ்கோர்கார்டை மட்டும் படிப்பவர் சொந்த ஊரிலேயே அஸ்வின் சொதப்பிவிட்டார் என்பார். அந்தத் தொடர் முழுவதையும் எடுத்தால் அஸ்வின் 28, ஜடேஜா 26. மூன்று மாதம் கழித்து, 2017 மார்ச்சில், இருவரும் ஐசிசி டெஸ்ட் பந்துவீச்சுத் தரவரிசையில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். தரவரிசைப் பட்டியல் தெரியாமல் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டது என்றுதான் அதை நான் படிக்கிறேன்.

இரண்டு பேர், ஒரு நாற்காலி

இதுவரை சொன்னது இந்திய மண்ணில். வெளிநாட்டில் கதை வேறு.

2013 டிசம்பர், ஜோகன்னஸ்பர்க். அஸ்வின் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 42 ஓவர் போட்டார், விக்கெட் இல்லை. 458 துரத்திய தென் ஆப்பிரிக்கா 450-ல் நின்று டிரா ஆனது. அடுத்த டெஸ்ட், டர்பன். அஸ்வின் வெளியே, ஜடேஜா உள்ளே. ஜடேஜா 138 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அதற்கு ஓராண்டு முன்புதான், 2012 டிசம்பரில் நாக்பூரில், இருவரும் முதல்முறையாக ஒரே டெஸ்டில் ஆடியிருந்தார்கள். 2013 தொடக்கத்தில் ஆஸ்திரேலியத் தொடரில் 29-ம் 24-ம் எடுத்து எதிரணியைச் சுருட்டிய ஜோடி, அந்த வருடக் கடைசியில் ஒரே நாற்காலிக்கு இரண்டு விண்ணப்பதாரர்.

இது பத்து வருடத்துக்கு மேல் நீடித்தது. வெளிநாட்டு பிட்ச்களில் ஒரு சுழல்தான் என்றால், பேட்டிங்கையும் கணக்கில் வைத்து ஜடேஜாவை எடுப்பார்கள். 2021 இங்கிலாந்தில் நான்கு டெஸ்டிலும் அஸ்வின் வெளியே உட்கார்ந்திருந்தார். 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி நடந்தபோது தரவரிசையில் உலகின் முதல் பந்துவீச்சாளர் அவர். ஓவலில் அவர் ஆடவில்லை. அந்தப் போட்டி முடிந்தபின் ஒரு பேட்டியில் அவர் சொன்னது பரவலாகப் பேசப்பட்டது: முன்பெல்லாம் அணியில் இருந்தவர்கள் நண்பர்கள், இப்போது சக ஊழியர்கள். ஆளாளுக்கு முன்னேறப் பார்க்கும் காலம் இது என்ற பொருளில் சொன்னார்.

எஸ்எஸ்என் கல்லூரியில் பிடெக் ஐடி படித்தவர் அவர். 'சக ஊழியர்' என்ற வார்த்தையின் எடை அவருக்குத் தெரியும். பெஞ்சில் உட்காருவது என்றால் என்ன என்று எங்கள் துறையில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

டிவியில் வரும் நட்புத் தொகுப்புகள் மேல் எனக்கு இருக்கும் குறை இதுதான். பின்னணியில் ஒரு பாட்டு, கட்டிப்பிடிப்பதை ஸ்லோ மோஷனில் காட்டுவது, "என்ன ஒரு கெமிஸ்ட்ரி" என்று ஒரு வர்ணனை. அந்த நாற்காலி அதில் வராது. உன் இடத்தில் இன்று ஆடுபவனுக்கு நாளை எதிர்முனையிலிருந்து நீ துணை நிற்க வேண்டும் என்ற கஷ்டத்தைக் காட்டாமல் ஒத்திசைவைக் காட்டுவது, பிரசவத்தை விட்டுவிட்டுப் பெயர் சூட்டு விழாவை மட்டும் காட்டுவது மாதிரி.

கணக்கு சரியானால் போதுமா?

இங்கே எனக்கே ஒரு மறுப்பு எழுகிறது. புகழைச் சரியாகப் பங்கு போட்டால் ஜோடி நிலைக்கும் என்று சொல்ல வருகிறேனா? அப்படியென்றால் லியாண்டர் பயஸ் – மகேஷ் பூபதி கதையை என்ன செய்வது?

டென்னிஸ் இரட்டையரில் பங்குத் தகராறே இல்லை. கோப்பையில் இரண்டு பெயர், தோல்வியிலும் இரண்டு பெயர். நம்ம சென்னையில் 1997-ல் ஜோடியாக முதல் ஏடிபி பட்டம் வென்றார்கள். 1999-ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகளிலும் ஆடி, பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றார்கள். அந்த உச்சத்திலேயே விரிசல் விட்டது. சேர்ந்தார்கள், பிரிந்தார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கப் போட்டியை மூன்றாவது செட்டில் 16–14 என்று இழந்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு இருவரும் ஒரே ஜோடியாகப் போகவில்லை. லேக்கர்ஸ் அணியில் ஷகீல் ஓ'நீலும் கோபி பிரையன்ட்டும் 2000, 2001, 2002 என்று வரிசையாக மூன்று பட்டம் வென்றார்கள். 2004-ல் ஷகீல் வேறு அணிக்குப் போய்விட்டார்.

ஆக, கணக்குப் புத்தகம் சரியாக இருந்தாலும் உறவு உடையலாம். இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பயஸும் பூபதியும் மனதளவில் விலகியிருந்த ஆண்டுகளிலும் டேவிஸ் கோப்பையில் ஒன்றாக இறங்கி ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். அங்கே அவர்கள் தொடர்ச்சியாக வென்ற இரட்டையர் ஆட்டங்கள் 24. பேச்சுவார்த்தை குறைந்தபோதும், வலைக்கு அருகில் யார் எப்போது குறுக்கே பாய்வார் என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. நட்பு போனபிறகும் மிஞ்சிய அந்தப் பொருளுக்கு என்ன பெயர்? அதைத்தான் நான் ஒத்திசைவு என்கிறேன். அது பாசத்தில் உண்டாவதில்லை, பக்கத்தில் நின்று செய்த வேலையில் உண்டாகிறது. ஒருவரை ஆயிரக்கணக்கான பந்துகள் பார்த்தபின் வரும் அறிவு அது.

2024 செப்டம்பர் 19

அந்த அறிவு வேலை செய்ததை ஒரு நாள் முழுக்கப் பார்த்தோம். சேப்பாக்கம், வங்கதேசத்துக்கு எதிரான முதல் டெஸ்ட், முதல் நாள். இந்தியா 144 ரன்னுக்கு 6 விக்கெட். ஜடேஜாவும் அஸ்வினும் சேர்ந்தார்கள். ஆட்ட முடிவில் 339-க்கு 6. அஸ்வின் 102, ஜடேஜா 86. மறுநாள் ஜடேஜா அதே 86-ல் அவுட் ஆனார், அஸ்வின் 113. ஜோடி எடுத்தது 199. பிறகு நான்காவது இன்னிங்ஸில் அஸ்வின் 88 ரன்னுக்கு 6, ஜடேஜா 58 ரன்னுக்கு 3. இந்தியா 280 ரன்னில் வென்றது. ஆட்ட நாயகன் அஸ்வின்.

அன்று மாலை அஸ்வின் சொன்னது முக்கியம். ஒரு கட்டத்தில் வியர்த்துக் களைத்துப் போயிருந்தேன், ஜடேஜா அதைச் சட்டென்று கவனித்துவிட்டார், இரண்டு ரன்னை மூன்றாக்க ஓட வேண்டாம் என்று என்னை நிதானப்படுத்தினார் என்றார். சென்னை செப்டம்பர் வெயிலில் மட்டை பிடித்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். அஸ்வினுக்கு அப்போது 38 வயது முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

இதை ஒரு விமர்சகனாக எப்படி வாசிப்பது? எடுக்காமல் விட்ட அந்த மூன்றாவது ரன்கள் எந்தப் பதிவிலும் இல்லை. ஸ்கோர்கார்டில் ஜடேஜா பெயருக்கு எதிரே 86 இருக்கிறது. அஸ்வினின் 113-க்குள் ஜடேஜாவின் கண் பார்த்த பங்கு எவ்வளவு என்று சொல்ல அங்கே கட்டம் இல்லை. நல்லவேளை, அஸ்வினே வாய் திறந்து சொன்னார்.

அதே போட்டியின்போது இன்னொன்றும் சொன்னார். ஜடேஜாவைப் பார்த்துத் தனக்கு எப்போதும் பொறாமை இருந்தது என்றார். அவ்வளவு திறமை, அவராக இருக்க ஆசைப்பட்டதுண்டு, ஆனால் நான் நானாக இருந்ததில் மகிழ்ச்சி என்ற பொருளில் பேசினார். சும்மா சொல்லக் கூடாது, நம் ஊரில் எத்தனை பேர் தன் நாற்காலியில் உட்கார்ந்தவனைப் பற்றி மைக் முன் இப்படிப் பேசுவார்கள்? பொறாமை இல்லாத ஜோடி என்று கதை கட்டுவது சுலபம். பொறாமை இருந்தது, அதை வைத்துக்கொண்டே எதிர்முனையிலிருந்து சரியாகப் போட்டார் என்பதுதான் நடந்தது. எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பெரிதாகத் தெரிகிறது.

கட்டை போடுகிறவர்

தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் எங்கள் ஊரில் மகாரதம் ஓடும். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள் என்று வடம் பிடிப்பார்கள். எல்லாருடைய கண்ணும் மேலே சாமி மீது, இல்லையென்றால் வடம் இழுக்கும் கூட்டம் மீது. சின்ன வயசில் எங்க தாத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "மேல பாக்காத, சக்கரத்தைப் பாரு" என்பார். சக்கரத்துக்குப் பக்கத்தில் கையில் முட்டுக்கட்டையோடு சில பேர் கூடவே ஓடி வருவார்கள். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. இந்தச் சக்கரத்தடியில் ஒரு கட்டை, அந்தச் சக்கரத்தடியில் ஒரு கட்டை என்று சரியான நொடியில் கொடுத்துக் கொடுத்துத்தான் அவ்வளவு பெரிய தேர் வீதி முனையில் திரும்பும். நொடி தப்பினால் கை போகும், கால் போகும்.

நாம் பேச்சில் 'முட்டுக்கட்டை' என்பதைத் தடை என்ற பொருளில்தான் வைத்திருக்கிறோம். "என் முன்னேற்றத்துக்கு அவன் முட்டுக்கட்டை." தேரடியில் நின்று பார்த்தால் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். கட்டை இல்லாவிட்டால் தேர் நேராகப் போய் எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறும்.

இப்போது என் கதை. பத்து வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் நானும் இன்னொருவரும் ஒரே டீமில் இருந்தோம். பெயர் வேண்டாம். நான் புது வசதிகளை எழுதுவேன், வேகமாக. அவர் என் கோடை ரிவ்யூ செய்வார், மெதுவாக, ஒவ்வொரு வரியாக. "இந்த இடத்துல நல் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பார். ராத்திரி சர்வர் விழுந்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும். எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் அதிகம். என் ரிலீஸுக்கு அவர் முட்டுக்கட்டை என்று மேனேஜரிடமே சொல்லியிருக்கிறேன்.

அந்த வருட அப்ரைசலில் டீமுக்கு ஒரே ஒரு லீட் பதவி. படிவத்தில் 'உங்கள் பங்களிப்பு' என்று ஒரு பெரிய கட்டம் இருந்தது. நான் பதினாலு ஐட்டம் எழுதினேன். அதில் பாதிக்கு மேல் அவர் ரிவ்யூவில் பிடிக்காமல் விட்டிருந்தால் புரொடக்‌ஷனில் வெடித்திருக்கும் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். அவர் பெயரை ஒரு இடத்திலும் எழுதவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதவி எனக்கு வந்தது. நான்கு மாதத்தில் அவர் வேறு இடம் போய்விட்டார். அவர் போன பிறகுதான் என் கோடு எவ்வளவு மோசம் என்று எனக்கே தெரிந்தது. இரவு போன்கள் எனக்கு வர ஆரம்பித்தன.

படிவத்தின் மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை என்று இப்போது புரிகிறது. ஸ்கோர்கார்டிலும் கட்டம் இல்லைதான். அஸ்வின் வாயால் சொன்னார். ஜடேஜா வாயால் சொன்னார். கட்டம் இல்லாத இடத்தில் அதைச் சொல்ல வேண்டிய கடமை, விக்கெட் கிடைத்தவனுக்குத்தான் அதிகம்.

மச்சானுக்கு நான் கொடுத்த பதில் இதுதான். ஓய்வு பெறுவதை முன்கூட்டியே சொல்லாதது நட்பில் ஒரு குறையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது அவர்கள் இருவருக்கும் இடையே உள்ளது. பிரிஸ்பேன் டெஸ்டில் ஆடியது ஜடேஜா, வெளியே இருந்தது அஸ்வின் என்பதையும் சேர்த்துப் பார். கடைசி நாள் வரை அந்த நாற்காலி நடுவில் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் பன்னிரண்டு வருடம் ஒருவர் தேய்த்த மண்ணில் இன்னொருவர் பந்தைக் குத்தினார். மச்சான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ ரெண்டு பேரும் பிரெண்ட்ஸா இல்லையா மாமா, அதச் சொல்லு" என்றான். அவன் விட மாட்டான்.

இந்தப் பதிவை எழுதத் தொடங்கிய அன்று அந்தப் பழைய சகாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நீண்ட செய்தி அனுப்பினேன். அந்தப் படிவம், பதினாலு ஐட்டம், விட்டுப்போன பெயர், எல்லாம். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் இரவு வந்தது: "பரவால்ல பாஸ். பதினாலு இல்ல, பதிமூணு. ஒண்ணு ரோல்பேக் பண்ணோம், ஞாபகம் இருக்கா?"

இன்னும் ரிவ்யூ செய்துகொண்டுதான் இருக்கிறார்.